பன்னிரண்டா, இரண்டா? ஆங்கில வினைக்காலங்களும் தமிழ் வகுப்பறையும்

ஆங்கிலத்தில் காலங்கள் எத்தனை? விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலோ காரியாபட்டியிலோ ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்டால், யோசிக்காமல் ‘பன்னிரண்டு’ என்பார். பிரசென்ட், பாஸ்ட், ஃபியூச்சர் என்று மூன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு, பெருக்கினால் பன்னிரண்டு. இன்றைய ஆங்கில மொழியியல் நூல்களைப் புரட்டினால் பெரும்பாலானவை ‘இரண்டு’ என்கின்றன. 1795இல் வெளிவந்து உலகெங்கும் பள்ளிகளை ஆண்ட லிண்ட்லி மர்ரியின் இலக்கணம் ‘ஆறு’ என்றது.

பார்வைக்கு இது எண்ணிக்கைத் தகராறு. உள்ளே இருப்பது வேறு கேள்வி: தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கில வினையை எந்த வழியில் கொடுப்பது? அட்டவணையாகவா, வாக்கிய வாய்ப்பாடாகவா, இலக்கணமே சொல்லாமல் வேலை கொடுத்தா, தமிழோடு ஒப்பிட்டா? கடந்த நூறாண்டுக்குள் தமிழ்நாடு இந்த நான்கையும் பார்த்துவிட்டது. அவற்றுள் இரண்டு உலக அளவில் பேசப்பட்ட சோதனைகள்.

விருதுநகர் மாவட்டத்துக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் புதிதல்ல. ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முன்னணியில் நின்ற மாவட்டம் இது. அதே மாவட்டம் 2018இல் ஒன்றிய அரசு அறிவித்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை விருதுநகரும் இராமநாதபுரமும்தான். மல்லாங்கிணறு சிறிய பேரூராட்சி. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனின் ஊர் அது. சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊரும் அதுவே. அவருடைய சகோதரர் தங்கம் தென்னரசு 2006 முதல் 2011 வரை பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியது, சமச்சீர் கல்விச் சட்டமும் வந்தது. ஆங்கிலப் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்துக்கு இந்த வட்டாரம் அயலானது அல்ல.

பன்னிரண்டு கட்டங்கள் எங்கிருந்து வந்தன?

ஆங்கிலத்துக்கு முதலில் இலக்கணம் எழுதியவர்கள் லத்தீனைப் பார்த்து எழுதினார்கள். 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட சிறுநூலை முதல் ஆங்கில இலக்கணம் என்பார்கள். லில்லியின் லத்தீன் இலக்கணமே அதற்கு அச்சு. லத்தீனில் வினையின் விகுதி மாறி மாறி ஆறு காலம் காட்டும். ஆங்கிலத்துக்கும் ஆறு இருந்தாக வேண்டும் என்று தேடினால், துணைவினைகளைச் சேர்த்துக் கட்டி ஆறு காட்டிவிடலாம். மர்ரியின் ஆறு இந்த மரபில் வந்தது.

எதிர்க்குரல் அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகள் முன்பே எழுந்திருந்தது. 1653இல் ஜான் வாலிஸ், ஆங்கில வினைக்கு உருவத்தால் இரண்டே காலங்கள்தான் என்று எழுதினார். கணிதத்தில் முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய அதே வாலிஸ்தான் இவர். வேடிக்கை என்னவென்றால், ‘ஐ’, ‘வீ’ என்றால் ‘ஷால்’, மற்றவர்களுக்கு ‘வில்’ என்ற பள்ளிக்கூட விதியை வகுத்துக் கொடுத்தவரும் அவரே. இரண்டு காலம் என்ற அவருடைய பேச்சை வகுப்பறை மறந்தது. ஷால்–வில் விதியை மட்டும் முந்நூறு ஆண்டுகளாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இந்தியாவுக்குப் பன்னிரண்டைக் கொண்டுவந்து சேர்த்த நூல்களில் தலையாயது 1930களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின். பி.சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே. நாவலை இன்று தேடித்தான் படிக்க வேண்டும். இலக்கண நூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதன் வாரிசுகளாக எத்தனையோ கைடுகளும் ‘முப்பது நாட்களில் ஆங்கிலம்’ வகை நூல்களும் பெருகின.

அட்டவணைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. பெரிய வகுப்பிலும் நடத்தலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசாத ஆசிரியரும் பிழையின்றிச் சொல்லித்தரலாம். தேர்வில் திருத்துவதும் எளிது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அது பிடித்து ஏற ஒரு கைப்பிடி. குறை, கட்டங்களெல்லாம் ஒரே அளவில் இருப்பதில் தொடங்குகிறது. ‘ஐ ஷால் ஹேவ் பீன் ரைட்டிங்’ என்ற வாக்கியத்தை ஒருவர் ஆயுளில் எத்தனை முறை சொல்ல நேரும்? ‘ஐ ரோட்’ என்பது அன்றாடம் வேண்டும். இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே அளவு இடம், இம்போசிஷனிலும் அதே எடை. எப்போது எந்தக் கட்டத்தை எடுப்பது என்பதை அட்டவணை சொல்வதில்லை.

இரண்டே காலம் என்பவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் வாலிஸ் பக்கம் சாய்ந்தார்கள். ராண்டால்ஃப் குவர்க்கும் மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம், வினையின் உருவம் மாறுவதை மட்டும் கணக்கில் கொண்டு நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டோடு நிறுத்தியது. ‘வில்’ என்பது ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ ஆகியவற்றின் இனம். அது ஊகம், விருப்பம், உறுதி ஆகியவற்றைக் காட்டும் துணைவினை. கன்டினியூவஸும் பெர்ஃபெக்ட்டும் காலத்தைக் காட்டுபவை அல்ல. செயல் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து பார்க்கப்படுகிறது என்பதைக் காட்டுபவை. பெர்னார்ட் காம்ரி இந்த வேறுபாட்டை 1976, 1985 ஆகிய ஆண்டுகளில் தனித்தனி நூல்களாகவே எழுதினார்.

அதற்கு முன் 1947இல் தத்துவவாதி ஹான்ஸ் ரைக்கன்பாக் ஒரு கருவியைத் தந்திருந்தார். பேசும் நேரம், செயல் நடந்த நேரம், நின்று பார்க்கும் நேரம் என்று மூன்று புள்ளிகள். ‘ஐ சா’, ‘ஐ ஹேவ் சீன்’ இரண்டிலும் செயல் முடிந்துவிட்டது. நின்று பார்க்கும் இடம்தான் வேறு. முதலாவது நேற்றில் நிற்கிறது, இரண்டாவது இன்றில் நிற்கிறது.

இந்தப் பார்வை வெறும் ஏட்டுச் சண்டை அல்ல என்பதற்குச் சிவகாசியிலேயே சான்று உண்டு. பட்டாசு ஆலைகளைக் கட்டுப்படுத்தும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. விதிக்கு விதி ‘ஷால்’ வரும். உரிமம் பெற்றவர் இன்னது செய்ய வேண்டும், இன்னது செய்யக் கூடாது என்பதே அதன் பொருள். ‘ஷால் என்றால் எதிர்காலம்’ என்று மனப்பாடம் செய்த ஒருவர் அந்த விதியைப் படித்தால், உரிமதாரர் என்றோ ஒருநாள் அதைச் செய்வார் என்று பொருள் கொள்ள இடமுண்டு. சட்டமோ இப்போதே செய் என்று கட்டளையிடுகிறது. அட்டவணை விட்டுவைத்த ஓட்டை எங்கே ஆபத்தாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

இரண்டு காலக் கொள்கையின் பலவீனம் அதன் சரித்தன்மையில் இல்லை, பயனில் இருக்கிறது. அதை அப்படியே வகுப்பில் கொட்டினால் ‘எதிர்காலத்தை எப்படிச் சொல்வது சார்?’ என்ற முதல் கேள்விக்கே பதில் நீண்டுவிடும். ‘வில்’, ‘கோயிங் டு’, ‘ஆம் கோயிங்’, ‘கோ’ என்று நான்கு வழி உண்டு, பொருள் நுட்பமாக மாறும் என்று விளக்க வேண்டியிருக்கும். மைக்கேல் லூயிஸ் 1986இல் ‘தி இங்கிலீஷ் வெர்ப்’ என்ற நூலில் இந்த மொழியியலை ஆசிரியர்களுக்காக இறக்கிக் கொடுக்க முயன்றார். இறந்தகால உருவத்தைக் காலம் என்று கொள்ளாமல் ‘தொலைவு’ என்று கொள்ளலாம் என்ற அவரது யோசனை, பின்னால் வரும் ‘இஃப்’ வாக்கியங்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் தேர்வுத்தாள் அந்த மொழியில் கேள்வி கேட்பதில்லை.

தமிழுக்கும் இந்தச் சர்ச்சை அந்நியமானதல்ல. தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்று என்கின்றன. ஆனால் ‘கின்று’, ‘கிறு’ போன்ற நிகழ்கால இடைநிலைகள் பின்னால் வளர்ந்தவை என்றும், பழந்தமிழ் வினை இறந்தது, இறவாதது என்ற இரு பகுப்பில்தான் இயங்கியது என்றும் மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். காலத்தை உருவத்தால் எண்ணுவதா பொருளால் எண்ணுவதா என்பது எந்த மொழிக்கும் வரும் சிக்கல்.

வாய்ப்பாட்டுப் பயிற்சி: சென்னையின் ‘பனிப்பந்து’

விடுதலைக்குப் பிறகு, விதியை மனப்பாடம் செய்வது வீண் என்ற எண்ணம் வலுத்தது. சென்னை மாகாணம் 1952இல் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினமாக அடுக்கிய பாடத்திட்டத்தை ஏற்றது. ஹரால்ட் பாமர், ஏ.எஸ். ஹார்ன்பி போன்றோர் வளர்த்த முறை அது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார். வகுப்பு திருப்பிச் சொல்லும். இலக்கணப் பெயரே வாயில் வராது.

இந்த முறையில் ஆசிரியர்களைப் பழக்க 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு இயக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி; அவர்கள் பலருக்கு; அவர்கள் இன்னும் பலருக்கு. தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேரை எட்டுவது இலக்கு. உருண்டு பெருகும் பனிப்பந்துபோல் வளரும் என்ற நம்பிக்கையில் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயர் வந்தது. பந்து கைமாறக் கைமாறச் சாரம் குறைந்துபோகும் என்பதுதான் இத்தகைய சங்கிலிப் பயிற்சிகள் மீது எங்கும் வைக்கப்படும் விமர்சனம்.

கோட்பாட்டளவிலும் கேள்விகள் எழுந்தன. இந்த முறையின் பின்னணியில் இருந்தது, பழக்கமே மொழி என்ற உளவியல். ஒருமுறை சரியாகப் பழகினால் நிலைத்துவிடும் என்று அது நம்பியது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் மாணவர்களைப் பேட்ஸி லைட்பவுன் ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட முடிவு வேறு படம் காட்டியது: ‘இங்’ வடிவத்தை விடாமல் பயிற்சி பெற்ற பிள்ளைகள், வேண்டாத இடத்திலும் அதையே போட்டார்கள், பின்னால் அதைக் கைவிடவும் செய்தார்கள்.

இந்திய ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஆகியவற்றை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். நிசிம் எசக்கியேல் கவிதையிலேயே கேலிக்குள்ளான வழக்கு இது. தாய்மொழித் தாக்கம் என்று இதைத் தள்ளிவிடுவது வழக்கம். தமிழரைப் பொறுத்தவரை அந்த விளக்கம் நிற்காது. ‘எனக்குத் தெரியும்’ என்போம். ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு ரெண்டு தம்பி’ என்பதில் வினையே இல்லை. வகுப்பில் முதலில் வந்து முரசறைந்த ‘ஆம் – இங்’ வாய்ப்பாடு பிற வினைகளுக்கும் பரவியிருக்கலாம். காதில் விழும் இந்திய ஆங்கிலமும் காரணமாகலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இலக்கணம் சொல்லாத வகுப்பு

அடுத்த பதில் தென்னிந்தியாவிலிருந்தே எழுந்தது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் அறிந்தது அதைத்தான். பாடத்தில் காலமும் இல்லை, வாய்ப்பாடும் இல்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வரைபடத்தில் வழி கேட்பார்கள். பொருளில் மனம் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே படியும் என்பது பிரபுவின் வாதம். 1987இல் வந்த அவருடைய நூல், பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறைக்கு முன்னோடி.

சோதனையை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்பை நேரடியாகச் சோதித்த தேர்வில் பழைய முறை வகுப்புகளின் கை ஓங்கியிருந்தது. சூழலோடு கூடிய இலக்கணம், சொல்வதெழுதுதல், புரிதல் ஆகியவற்றில் திட்ட வகுப்புகள் மேலாக வந்தன. எது சொல்லிக் கொடுக்கப்பட்டதோ அதில் தேர்ச்சி என்று இதைச் சுருக்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நடுநிலையான தேர்வுகளில் கிடைத்த முன்னிலையைப் புறந்தள்ளவும் முடியாது. சோதனை வகுப்புகள் சிறிய எண்ணிக்கை, ஆசிரியர்கள் ஆர்வமுள்ளவர்கள், வகுப்புகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல என்ற குறைகளும் சுட்டப்பட்டன.

உலக ஆய்வுகளின் மொத்தக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. ஜான் நாரிஸும் லூர்தஸ் ஒர்ட்டேகாவும் 2000ஆம் ஆண்டில் 49 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோது, விதியை வெளிப்படையாகச் சொல்லித்தந்த வகுப்புகளே அதிகப் பலன் கண்டன. அவர்களே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார்கள்: பலனை அளந்த தேர்வுகளில் பல, விதி தெரிந்தவருக்குச் சாதகமானவை. அவசரமில்லாமல் எழுதும்போது கைகொடுக்கும் அறிவு, பேச்சில் கைகொடுக்குமா என்பது வேறு கணக்கு.

காலங்கள் எந்த வரிசையில் உள்ளே படிகின்றன என்ற ஆய்வும் பாடநூல் வரிசையோடு முரண்படுகிறது. ரோஜர் ஆண்டர்சனும் யசுஹிரோ ஷிராயும் 1990களில் முன்வைத்த கருத்துப்படி, கற்பவர்கள் ‘ப்ரோக்’, ‘அரைவ்ட்’ போல நொடியில் முடியும் வினைகளுக்கே இறந்தகாலத்தை முதலில் பொருத்துகிறார்கள். ‘இங்’ வடிவத்தை ஓடுவது, விளையாடுவது போன்ற தொடர்வினைகளோடு முதலில் சேர்க்கிறார்கள். அட்டவணையோ எல்லா வினையையும் ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்று ஒரே நாளில் பன்னிரண்டு கட்டத்துக்குள் ஓட்டச் சொல்கிறது.

‘இஃப்’ வந்தால் என்னாகும்?

நிபந்தனை வாக்கியங்களில் குழப்பம் இன்னும் கூடுகிறது. நடக்கக்கூடியது, நடக்க வாய்ப்பில்லாதது, நடந்திருக்கவே முடியாதது என்ற மூவகைப் பகுப்பை 1947இல் வெளியான ஸ்டானர்ட் ஆலனின் ‘லிவிங் இங்கிலீஷ் ஸ்ட்ரக்சர்’ போன்ற பயிற்சி நூல்கள் பரப்பின. பின்னர் ‘ஸீரோ கண்டிஷனல்’ ஒன்றும் முன்னால் சேர்ந்து நான்கானது. அட்டவணையின் அழகு இதற்கும் உண்டு; அதன் நோயும் உண்டு.

1988இல் டேவிட் மால் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘சாரி, பட் இஃப் ஹி கம்ஸ், ஐ கோ’ என்பதுதான். அவன் வந்தால் நான் கிளம்பிவிடுவேன். நாளைய ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு, ‘வில்’ இல்லை, எந்த வகையிலும் சேராது, ஆனால் ஆங்கிலேயர் அன்றாடம் பேசுவது. மால் தொலைக்காட்சியில் காதில் விழுந்த இத்தகைய வாக்கியங்களைத் திரட்டி, பள்ளிப் பகுப்பு எவ்வளவு குறுகலானது என்று காட்டினார். டேவ் வில்லிஸ் போன்றோர் இன்னும் மேலே போய், ‘இஃப்’ வாக்கியத்துக்கென்று தனி இலக்கணமே வேண்டாம் என்றார்கள்: ‘வில்’, ‘வுட்’, இறந்தகாலம் ஆகியவற்றின் வழக்கமான பொருள் தெரிந்தால் மீதி தானே வரும்.

தமிழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது துலங்குகிறது. பட்டாசு ஆலையில் மருந்து வெயிலில் காய வேண்டும். மழை வந்தால் வேலை கெடும். ‘மழை பெய்தால் வேலை நிற்கும்’ என்ற ஒரே வாக்கியம், எப்போதும் நடக்கும் உண்மைக்கும் பொருந்தும், நாளைய வாய்ப்புக்கும் பொருந்தும். வெறும் கற்பனைக்கும் ‘இப்போது மழை பெய்தால் எப்படி இருக்கும்!’ என்று அதே ‘பெய்தால்’தான். ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் ‘ஸ்டாப்ஸ்’, ‘வில் ஸ்டாப்’, ‘வுட் ஸ்டாப்’ என்று மூன்று முடிவு கேட்கிறது. நடக்காமல் போனதற்கு மட்டும் தமிழ் உருவத்தை மாற்றுகிறது: ‘நேற்று மழை பெய்திருந்தால் வேலை நின்றிருக்கும்.’ ஆங்கிலமும் அங்கே ‘ஹாட் ரெய்ன்ட்’, ‘வுட் ஹேவ் ஸ்டாப்ட்’ என்று துணைவினையைக் கூட்டிக்கொள்கிறது. மாணவர்கள் மிகவும் அஞ்சும் ‘தேர்ட் கண்டிஷனல்’, பொருள் அமைப்பில் தமிழுக்கு மிக நெருக்கமானது. பழக்கமில்லாத பிரிவு, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருக்கிறது. பாடநூல்கள் எளிது என்று வேகமாகக் கடக்கும் இடம் அதுவே.

இன்னொன்றும் உண்டு. ‘வந்தால்’, ‘சொன்னால்’, ‘போனால்’ எல்லாம் இறந்தகால அடியின் மேல் கட்டப்பட்டவை. காலம் அவற்றில் இறந்ததல்ல. ‘இஃப் ஐ ஹாட் மணி’ என்பதில் ‘ஹாட்’ ஏன் இறந்தகாலம் என்று திகைக்கும் மாணவரிடம், ‘பணம் இருந்தால்’ என்பதிலும் அப்படித்தானே என்று காட்ட முடியும். உண்மையில் நிபந்தனை விதிக்காத வாக்கியங்களும் உண்டு: ‘பசித்தால் அடுக்களையில் இட்லி இருக்கு’ என்பதில் பசிக்காவிட்டாலும் இட்லி இருக்கும். ஆங்கிலத்திலும் இதே போக்கு உண்டு, நான்கு வகையில் எதிலும் சேராமல்.

தமிழ் வழியாக: பாலமும் பள்ளமும்

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்ற விதி நேர்முறைக் கல்வியின் மிச்சம். கைச் சைகையால் மட்டும் ‘ஹேவ் பீன்’ என்பதை விளக்க முயன்ற ஆசிரியர்களுக்கு அதன் சிரமம் தெரியும். கய் குக் 2010இல் மொழிபெயர்ப்பை வகுப்புக்குள் மீண்டும் அழைத்து எழுதினார். வகுப்புக்கு வெளியே அது என்றுமே போகவில்லை: டியூஷனிலும் மலிவுப் பதிப்பு நூல்களிலும் ‘செய்கிறேன் – ஐ டூ, செய்துகொண்டிருக்கிறேன் – ஐ ஆம் டூயிங், செய்திருக்கிறேன் – ஐ ஹேவ் டன்’ என்ற இணைப்பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது.

பட்டியல் பாதி தூரம் அழைத்துச் செல்லும். ‘இரு’ என்ற துணைவினை ‘ஹேவ்’ செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. மீதிப் பாதியில்தான் சறுக்கல்கள். ‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். போய்த் திரும்பியதைச் சொல்கிறது. ‘ஐ ஹாட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்று அதை அப்படியே பெயர்த்தால், அதன்பின் வேறொன்று நடந்தது என்று கேட்பவர் காத்திருப்பார். ‘அவன் நேத்தே வந்திருக்கான்’ என்பதில் ‘வந்தது இப்போதுதான் தெரியவருகிறது’ என்ற தொனி உண்டு. ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ அந்தத் தொனியைத் தராது, இலக்கணத்தையும் மீறும். ‘பஸ் வருது’ என்றால் கண்ணெதிரே வருகிறது. ‘த பஸ் கம்ஸ்’ அப்படி அல்ல. ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதில் எதிர்கால உருவம் எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. ஆங்கிலம் அங்கே நிகழ்காலத்தைக் கேட்கும்.

தாமஸ் லேமனின் 1989ஆம் ஆண்டுத் தமிழ் இலக்கணம், துணைவினைகள் பற்றிய இ. அண்ணாமலையின் ஆய்வு ஆகியவை இந்த நுட்பங்களை விரிவாகப் பதிந்திருக்கின்றன. அவை பாடநூலுக்குள் நுழைந்த அளவு குறைவு.

ஒப்பீட்டு முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு மொழிகளை ஒப்பிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ராபர்ட் லாடோ 1957இல் வைத்த நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை. பிட் கார்டர் 1967இலும் லாரி செலிங்கர் 1972இலும் காட்டியதுபோல, கற்பவர் தாய்மொழியிலிருந்தும் எடுக்கிறார், தானே விதி உண்டாக்கியும் பார்க்கிறார். ‘ஐ ஆம் நோயிங்’ அதற்குச் சாட்சி.

எது பிழை என்ற கேள்வியும் தீரவில்லை. 1990, 1991இல் குவர்க்கும் பிரஜ் கச்ருவும் மோதிக்கொண்டது இதில்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் வழக்கே அளவுகோல் என்றார் முன்னவர். இந்தியாவின் ஆங்கிலத்துக்குத் தனக்கென நியதி உண்டு என்றார் பின்னவர். அமெரிக்கர் ‘டிட் யூ ஈட்?’ என்று கேட்குமிடத்தில் ஆங்கிலேயர் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதுண்டு, இருவரும் தேர்வில் தோற்பதில்லை. மல்லாங்கிணற்று மாணவர் ‘ஹாட் கான்’ எழுதினால் மதிப்பெண் போகும்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சிலவற்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். உருவத்தை வைத்து எண்ணினால் இரண்டு காலம் என்ற விவரணை வலுவானது. பன்னிரண்டு என்பது பயிற்சிக்கான அடுக்கு. விதியை வெளிப்படையாகச் சொல்வது எழுத்துத் தேர்வுக்கு உதவுகிறது. பயன்படுத்த வாய்ப்பில்லாத விதி பேச்சுக்கு வந்து சேர்வது அரிது. தமிழை ஒதுக்குவதால் கிடைக்கும் லாபத்துக்கு ஆதாரம் குறைவு; தமிழை ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்துவதால் வரும் சறுக்கல்களுக்கு ஆதாரம் நிறைய.

நடைமுறையில் தமிழ்நாடு கலவையையே கையாள்கிறது. சமச்சீர் பாடத்திலும் 2018 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களிலும் கதை, உரையாடல், செயல்பாடுகளின் நடுவே இலக்கணம் வருகிறது. தேர்வு நெருங்கும்போது கைடும் அட்டவணையும் மேசைக்குத் திரும்புகின்றன. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபின், ஒரே பள்ளியில் ஒரு வகுப்பு அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கிறது, பக்கத்து வகுப்பு ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் படிக்கிறது. இரண்டு வகுப்புக்கும் ஒரே இலக்கண வரிசை பொருந்துமா என்று கேட்க நியாயம் உண்டு.

பிரபுவே 1990இல் ‘சிறந்த முறை என்று ஒன்றில்லை, ஏன்?’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். முறையைவிட, தான் செய்வதில் ஆசிரியருக்கு இருக்கும் நம்பிக்கை கலந்த புரிதலே வகுப்பை உயிரோடு வைக்கிறது என்பது அவர் வாதம். அதை ஏற்பவர்களும் ஒரு தடையைச் சந்திக்கிறார்கள்: அந்தப் புரிதலைப் பல்லாயிரம் ஆசிரியர்களிடம் எப்படி வளர்ப்பது? பயிற்சியை மேலிருந்து கீழே இறக்கும் வழி 1959 முதலே சோதிக்கப்பட்டு வருகிறது.

எஞ்சியிருக்கும் கேள்விகள் இவை. ‘பெய்தால்’ என்ற ஒன்றை மூன்றாகப் பிரிக்கத் தமிழ் மாணவர் எந்த வயதில், எந்த வரிசையில் கற்கிறார்? ‘போயிருந்தேன்’ வகைச் சறுக்கல், முன்கூட்டியே ஒப்பிட்டுக் காட்டினால் குறையுமா, அல்லது படிக்கப் படிக்கத் தானே மறையுமா? விடைத்தாள்களையும் வகுப்புப் பேச்சையும் மாவட்டவாரியாகத் திரட்டிப் பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்கக்கூடும். அதுவரை பாடநூல் எழுதுவோர், மூன்றாம் வகை நிபந்தனைக்குத் தரும் பக்கங்களில் சிலவற்றை முதல் இரண்டின் வேறுபாட்டுக்கு ஒதுக்கிப் பார்ப்பது, செலவில்லாத ஒரு சோதனையாக இருக்கும்.